தண்ணீர் மாற்றி வைத்த சதை

உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையைக் கெடாமல் காப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. தஞ்சாவூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் இளநிலை டெக்னீஷியனாகச் சேர்ந்து, தலைமை டெக்னீஷியனாக ஓய்வு பெற்றேன். அறுவை அரங்கிலிருந்து வரும் துண்டை ஃபார்மலினில் ஊறப்போடுவது, பிறகு ஈரத்தைப் போக்கி மெழுகில் புதைப்பது, அந்த மெழுகுக் கட்டியை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது, சாயம் ஏற்றுவது. இவ்வளவும் முடிந்தபின் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, என்ன நோய் என்று எழுதுவார். கையெழுத்து அவருடையது, நாற்றம் என்னுடையது. ஃபார்மலின் வாடை சட்டையிலிருந்து போகாது. வீட்டில் என் துணிகளைத் தனியாகத்தான் துவைத்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு சொந்தபந்தங்களுக்கு நான் ஆஸ்பத்திரி வழிகாட்டி ஆனேன். எந்தக் கிழமை எந்தப் பெரிய டாக்டர் வருவார், எந்தச் சீட்டை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும், காப்பீட்டு அட்டைக்கு யாரிடம் முத்திரை வாங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் நான் அறியாத நடைமுறை கிடையாது. அதனால் யாராவது பிழைத்தார்களா என்று கேட்டால், வரிசையில் கொஞ்சம் முன்னால் நின்றார்கள் என்று சொல்லலாம்.

என் அக்கா பூதலூர்ப் பக்கத்து கிராமத்தில் இருந்தாள். நடவு செட்டுக்குத் தலைவி. பண்ணைக்காரர்கள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள்; அவள் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் வயலில் இறக்குவாள். நடவு நாளில் கரையேறும்போது கூலியோடு வெற்றிலை, பாக்கு, புகையிலையும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுக்காத பண்ணைக்கு மறுவருஷம் ஆள் கிடைக்காது. வயலில் இறங்கிவிட்டால் இரண்டு கையும் சேற்றில் இருக்கும். மென்று துப்பி மறுபடி போட வழியில்லை. ஆகவே பெண்கள் மறுநாள் இறங்குவதற்கு முன்பே ஒரு உருண்டையை இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார்கள். அது மதியச் சோறுவரை அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். பசியும் தெரியாது, இடுப்பு வலியும் தெரியாது. அக்கா பாவாடை தாவணிப் பருவத்தில் ஒதுக்கியதை அறுபது தாண்டியும் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பேத்தியின் காதுகுத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். குழந்தை ஆசாரியின் விரலைக் கடித்துவிட்டது என்று பந்தலே சிரித்தது. அக்காவும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இடது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம். சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வெள்ளைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

"அக்கா, வாயைத் திற" என்றேன், செல்போன் விளக்கைப் போட்டபடி.

"எதுக்குடா? சோறு ஊட்டப் போறியா?"

"திறயேன், சொல்றேன்."

"மாட்டுத் தரகன் பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரி சபையில வெச்சுப் பாக்குறான் பாருங்கடி" என்று தன் செட்டுப் பெண்களிடம் முறையிட்டாள்.

"தம்பி வெல என்ன சொல்றாருன்னு கேளுங்கக்கா" என்றாள் ஒருத்தி.

மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னேன். நல்ல வாய் என்றால் போகும். அவளுக்கு இரண்டு போகவே இழுத்துப் பிடித்தது. சுண்ணாம்பாக இருந்தால் துணியால் துடைத்தால் போயிருக்க வேண்டும். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. காரம் எரிகிறதா என்று கேட்டேன். ஒரு வருஷமாக ரசத்தையே ஆறவைத்துத்தான் குடிப்பதாகச் சொன்னாள். வலிக்கிறதா என்றேன்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. வலிச்சா சொல்ல மாட்டேனா?"

அதுதான் சங்கடம். வலித்திருந்தால் அவளே போயிருப்பாள். வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்பது பெரிய வித்தை எதுவும் இல்லை. வெளிச்சம், ஒரு துண்டுத் துணி, வாயைத் திறக்கச் சம்மதிக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை முகாம் போட்டிருந்தார்கள். நடவு உச்சத்தில் இருந்த வாரத்தில் போட்டார்கள். வாயில் புகையிலை வைத்திருந்தவர்கள் எல்லோரும் வயலில் இருந்தார்கள். முகாமுக்கு வந்தது டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள். முகாம் வெற்றி என்று பேனரோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கண்ணால் பார்த்து இது இன்னது என்று அறுதியாகச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. சந்தேகப்பட்ட இடத்திலிருந்து ஒரு அரிசியளவு சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். படலமாக இருக்கும்போதே தெரிந்தால் வெட்டியெடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வேரோடிய பிறகு தெரிந்தால், தெரியும், அவ்வளவுதான். இதை அக்காவுக்கு எளிய தமிழில் சொன்னேன். திங்கட்கிழமை என்னோடு வா, டாக்டரிடம் பேசிவைக்கிறேன் என்றேன்.

"உன் ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன். அங்க இருக்கிறவன் எல்லாம் உனக்குத் தெரிஞ்சவன். சாரோட அக்கா வாயப் பாரு, காவி அடிச்ச சுவராட்டம்னு சிரிப்பானுங்க. உனக்குத்தான் அசிங்கம்."

என் கௌரவத்தைக் காப்பாற்றுவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஆனால் பயம் உள்ளே போயிருந்தது. எனக்குச் சொல்லாமல், பொங்கலுக்கு முன்னால், மகனோடு டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறாள். அந்தப் பல் டாக்டரை நான் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். சரியான இடத்தில், சிவப்பும் வெள்ளையும் கலந்த ஓரத்தில், சரியான ஆழத்தில் சதை எடுத்துத் தையல் போட்டிருக்கிறார். ஃபார்மலின் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு மூடி, தஞ்சாவூரில் ஒரு லேபில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பொங்கல் விடுமுறையில் லேப் பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, இந்த மருந்தில் கிடந்தால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார். அதுவும் சரி. நான் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பொங்கல் முடிந்து சில நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. அந்த லேபில் இருந்தது என்னிடம் வேலை கற்றவன். ஊரையும் பெயரையும் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறான்.

"சார், உங்க அக்காவோட பயாப்ஸி இங்க வந்திருக்கு சார். ஸ்லைடு போட்டேன். ஒண்ணுமே இல்ல சார்."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"செல்லே இல்ல சார். எல்லாம் ஊதி வெடிச்சு, கூழாக் கெடக்கு. சாயமே ஏறல. பாட்டில்ல இருந்தது ஃபார்மலின் மாதிரி தெரியல சார். வாடையே இல்ல. வேற ஒரு வாடை வந்துச்சு."

அன்று மதியமே பஸ் ஏறினேன். அக்கா கொல்லையில் வெற்றிலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் மகன், "வாங்க மாமா" என்று நாற்காலி போட்டான். பாட்டிலைப் பற்றிக் கேட்டேன்.

"டாக்டர் குடுத்தபடியே கொண்டாந்து கொல்லையில ஆணியில மாட்டி வெச்சேன் மாமா. லேபு தொறந்த அன்னிக்கே அம்மா எடுத்துத் தந்ததக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். நடுவுல நான் தொடவே இல்ல."

"நான்தான் தொட்டேன்" என்றாள் அக்கா, வெற்றிலையிலிருந்து தலையை எடுக்காமல். "பண்டிகையும் அதுவுமா வீட்டுல பொணவாடை. கண்ணெல்லாம் எரியுது. மூடியத் தொறந்து மோந்தா, உன் சட்டையில வருமே, அதே நாத்தம்."

"அதை என்ன பண்ணின?"

"கீழ கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வெச்சேன். அது செத்ததுக்கு ஊத்துறதுடா. நான் உசுரோடதானே இருக்கேன்? என் சதைய எதுக்கு அதுல போட்டு வெக்கணும்?"

நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"சும்மா ஊத்திட்டு விட்டுடல. தெனமும் காலையில தண்ணி மாத்தினேன். வெத்திலைக்கு மாத்துற மாதிரி. ஈரத்துணி சுத்தி பானை அடியில வெச்சேன். வாடவே இல்ல தெரியுமா?"

வெற்றிலை வாடாமல் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெள்ளிக்கிழமை வாங்கிய கவுளிக் கட்டு அடுத்த வெள்ளிவரை பச்சையாக இருக்கும். அந்தத் திறமை முழுவதையும் தன் கன்னத்துச் சதைமேல் காட்டியிருக்கிறாள். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால், பாட்டிலை ஆணியிலேயே மறந்திருந்தால், அது தப்பித்திருக்கும்.

சொன்னேன். வெட்டியெடுத்த சதை வெட்டிய நொடியிலிருந்து அழுகத் தொடங்கும், அந்த மருந்துதான் அதை அப்படியே நிறுத்திப் பிடிக்கும், தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ஊதி உடைந்துவிடும் என்றேன். செத்ததைத்தான் பார்க்க முடியும், உயிரோடு இருப்பதைப் பார்க்க முடியாது என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"மீன் வாங்கும்போது செவுளத் தூக்கிப் பாக்குறோம். பழசாப் போனத வாங்குறோமா? இவன் செத்ததத்தான் பாப்பானாம்" என்று மகனிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "சரி, அவங்க என்னதான் சொன்னாங்க?"

"எதுவும் சொல்ல முடியாதுன்னாங்க. திரும்ப எடுக்கணும்."

"இருக்குன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா..."

"இருந்திருந்தா சொல்லியிருப்பாங்கல்ல? அவ்வளவு படிச்சவங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தும் ஒண்ணும் தெரியலன்னா என்னடா அர்த்தம்?"

அக்கா மகன் எனக்கு உதவி செய்ய முயன்றான். "கோர்ட்டுல சாட்சி இல்லன்னா விடுதலைதானே மாமா."

சந்தேகத்தின் பலனை நோய்க்குக் கொடுத்து விடுதலை செய்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்று மாலையே அக்கா பிள்ளையார் கோவிலில் சிதறு தேங்காய் போட்டாள். திரும்பி வரும்போது அவள் கன்னம் புடைத்திருந்தது. தையல் போட்டிருந்ததால், உருண்டை வலது பக்கம் மாறியிருந்தது.

அதற்கப்புறம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்வதில் பயன் இல்லை. பொங்கல் கரும்பைக் கடிக்கவிடாமல் செய்த தையலை அவள் மறக்கவில்லை. ஒருதரம் வெட்டியதே போதும் என்றாள். கத்தி பட்டால் நோய் கிளம்பிப் பரவிவிடும் என்று செட்டுப் பெண்கள் வேறு சொல்லியிருந்தார்கள். வெட்டாவிட்டாலும் கிளம்பும் என்றேன். அப்படியானால் எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டாள். உளுந்து பறித்ததும் வருகிறேன் என்றாள். உளுந்து பறித்தார்கள். கோடையில் பேருந்தில் ஏறினால் தலை சுற்றுகிறது என்றாள். அதுவும் உண்மைதான்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அவளிடம் தேதி வாங்கி, டாக்டரிடம் சொல்லி, சீட்டும் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பூதலூர் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து காலியாகிப் போயின. கடைசியில் போன் செய்தேன். பின்னால் தண்ணீர் சளசளத்தது. வயலில் இருக்கிறாள் என்று தெரிந்தது.

"நாத்து முத்திப்போச்சுடா. நாளைக்கு நாளன்னிக்குன்னு விட்டா தூர் கட்டாது. பண்ணை கெடந்து தவிக்குறாரு."

"நாத்துக்கு மட்டும்தான் நாள் தப்பக் கூடாதா?"

அவள் சேற்றிலிருந்து கரையேறும் சத்தம் கேட்டது.

"இந்த வருஷம் நான் போகலன்னா அடுத்த வருஷம் எங்களக் கூப்பிட மாட்டாங்கடா. வடக்கத்திப் பசங்க வந்து கூடாரம் போட்டுட்டானுங்க. கயிறு கட்டி மெஷினு மாதிரி நட்டுக்கிட்டே போறானுங்க. எங்க செட்டுப் பொம்பளைங்க என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்காளுங்க. அவளுங்களுக்கு என்னடா பதில் சொல்றது, வாயில வெள்ளையா இருக்குன்னா?"

இதற்கு எந்த ஜன்னலிலும் முத்திரை கிடையாது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குறுவை நட்டார்கள். பிறகு சம்பா நட்டார்கள். தீபாவளி கழிந்து, மழை விடாமல் பெய்த ஒரு காலையில், என் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். நான் கூப்பிடவில்லை. தலையோடு சேர்த்துக் கன்னத்தைத் துண்டால் கட்டியிருந்தாள். துண்டை அவிழ்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தின் இடப்பக்கம் துண்டுக்குக் கீழே புடைத்திருந்தது.

"இப்ப வலிக்குது" என்றாள். வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. வார்த்தைகளைப் பல்லிடுக்கு வழியாக வெளியே தள்ளினாள். "வலிச்சா சொல்றேன்னு சொன்னேன்ல."

ஆஸ்பத்திரியில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்லி, வரிசையில் முன்னால் விட்டார்கள். அறுவை டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் உள்ளே அழைத்தார். கட்டி கழுத்துப் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது, கத்தி வைக்க வழியில்லை என்றார். கதிர்வீச்சு கொடுத்தால் வலி கொஞ்சம் குறையும். ஆனால் அதற்கும் பயாப்ஸி வேண்டும். பெயர் எழுதாத நோய்க்குக் கதிர் கொடுக்கமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? அந்த நடைமுறையைப் புதிதாக வரும் டாக்டர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இம்முறை பாட்டிலை நான் வாங்கிக்கொண்டேன். சதை மூழ்கி, அதற்குமேல் தாராளமாக ஃபார்மலின் நிற்கிறதா என்று பார்த்தேன். மூடியை இறுக்கினேன். பெயரையும் இடது கன்னம் என்பதையும் எழுதி ஒட்டினேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரம்டா. தண்ணிய மாத்திடாத" என்றாள். துண்டுக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

ஸ்லைடு தயாரான அன்று அவளையும் அழைத்துப் போயிருந்தேன். கதிர்ப் பிரிவில் காகிதம் கொடுக்க வேண்டியிருந்தது. அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஆய்வகத்துக்குள் போனேன். எனக்குப் பின் தலைமை டெக்னீஷியனாக வந்தவன் பழைய நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நல்ல வேலை. சீவலில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. ஊதாவாக, ரோஜா நிறமாக, சாயம் அளவாகப் பிடித்திருந்தது. புற்றுச் செல்கள் கூட்டம் கூட்டமாக ஆழத்துக்கு இறங்கியிருந்தன. ஒவ்வொரு கூட்டத்தின் நடுவிலும் வெங்காயம்போல் அடுக்கடுக்காகச் சுருண்ட வட்டங்கள். எங்கள் தொழிலில் அவற்றை முத்து என்று சொல்வோம். நிறைய முத்து இருந்தது. யாரும் சந்தேகப்பட இடமில்லை. முதலாம் ஆண்டு மாணவனே சொல்லிவிடுவான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றான் அவன், யாருடைய சதை என்பதை ஒரு கணம் மறந்து. பிறகு நினைவு வந்து குரலைத் தாழ்த்தினான். "தப்பா நெனைக்காதீங்க சார். இவ்வளவு கிளியரா கெடைக்கிறதில்ல. பசங்களுக்குக் காட்ட ஒரு ஸ்லைடு எடுத்து வெச்சுக்கட்டுமா?"

நான் வேலையில் இருந்திருந்தால் நானே எடுத்து வைத்திருப்பேன்.

"வெச்சுக்கோ" என்றேன். "பேரு மட்டும் மறைச்சிடு."

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளே ஒரு வெற்றிலை, நேற்றுப் பறித்ததுபோல். போட வாய் திறக்கவில்லை. சும்மா தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையாச்சும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது."

"அப்ப இனிமே வெட்ட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க, அக்கா."

"அப்பாடா" என்றாள். வெற்றிலையைத் திரும்ப முடிந்துகொண்டு, எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள். கதிர்ப் பிரிவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனேன்.